சிரிப்புக்கு மூன்று மாதக் கடுங்காவல்



நாளிதழைக் கையில் எடுத்ததும் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? தலைப்புச் செய்தியை என்றுதான் பலரும் சொல்வோம். ஆனால் பீர்க்கன்கரணையிலிருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையோரத்துத் தேநீர்க் கடைகளில் காலை வேளையில் சற்றே நின்று கவனியுங்கள். ஒரே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நான்கு பேர் படித்துக் கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் திடீரெனச் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரு கேலிச்சித்திரமாகத்தான் இருக்கும். நாலைந்து கோடுகள், ஒரு மூக்கு, ஒரு தோள்துண்டு, ஒரு கும்பிடு... அவ்வளவுதான். பெயர் எழுதப்படாமலேயே இவர் இன்ன அமைச்சர் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். நீண்ட தலையங்கம் சொல்லத் தயங்குவதை அந்தச் சிறிய படம் அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

இந்தச் சிரிப்பு அற்பமான ஒன்றா? அற்பமானது என்றால், அதற்காக ஒரு பத்திரிகை ஆசிரியரைச் சிறைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் ஓர் அரசுக்கு ஏன் வந்தது? ஆம்! நம் தமிழகத்தில்தான் அது நடந்தது. இன்றைய இளந்தலைமுறையினர் பலர் அறிந்திராத அந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அட்டைப்படத்தில் ஒரு துணுக்கு

1987ஆம் ஆண்டு. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். அவ்வாண்டு மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வெளியானது. மேடையில் இருவர் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடனைப் போல் இருப்பவர் உறுப்பினர் என்றும், முகமூடிக் கொள்ளைக்காரனைப் போல் இருப்பவர் அமைச்சர் என்றும் விடை வருகிறது.

அந்தப் படத்தில் எவருடைய பெயரும் இல்லை; எந்தத் துறையும் குறிப்பிடப்படவில்லை; எந்தக் கட்சியின் கொடியும் இல்லை. பதவிக்கு வருவோரைப் பற்றி மக்கள் மனத்தில் படிந்திருந்த கசப்பைத்தான் அந்தத் துணுக்கு வெளியிட்டது. ஆனால் சட்டப்பேரவை அதைத் தன் மீதான அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. அப்போது பேரவைத் தலைவராக இருந்தவர் பி.எச்.பாண்டியன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனிடம் வற்புறுத்தப்பட்டது. அவர் மறுத்தார். ஏப்ரல் 4ஆம் தேதி பேரவை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது.

சற்றே எண்ணிப் பாருங்கள். கடுங்காவல் என்பது திருடனுக்கும் கொலைகாரனுக்கும் நீதிமன்றம் விதிக்கும் தண்டனை. இங்கோ நீதிமன்ற விசாரணை இல்லை. வழக்கறிஞரின் வாதம் இல்லை. எங்களைப் பழித்தார் என்று முறையிட்டவர்களே நீதிபதிகளாகவும் அமர்ந்து தீர்ப்பும் வழங்கினார்கள். நம் தெருவில் இருவருக்குள் சண்டை வந்தால்கூட, சண்டையிட்டவரில் ஒருவரையே பஞ்சாயத்துக்குத் தலைவராக உட்கார வைப்போமா?

பத்திரிகை உலகம் கொந்தளித்தது. எதிர்க்கட்சிகளும் கண்டனக் குரல் எழுப்பின. எதிர்ப்பு வலுக்கவே, ஓரிரு நாட்களிலேயே அவர் விடுதலை செய்யப்பட்டார். பலரும் அதோடு நிம்மதியடைந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். பாலசுப்ரமணியன் அப்படிப் போகவில்லை. தமக்கு விதிக்கப்பட்ட தண்டனை சட்டப்படி செல்லுமா என்று கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. முடிவில் அவர் வென்றார். இழப்பீடாகக் கிடைத்தது ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தை அவர் செலவழிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டார்.

பின்னாளில் அவர் அமைதியாக வாழ்ந்த பண்ணை, நம் தாம்பரத்தை அடுத்த படப்பையில்தான் இருந்தது. மரங்களும் பறவைகளும் சூழ அங்கு வாழ்ந்த அவர் 2014 டிசம்பரில் மறைந்தார். வாலாஜாபாத் சாலையில் பேருந்தில் போகும்போது படப்பையைக் கடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எழுதப்படாத சட்டம்

சட்டமன்றத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 194ஆவது பிரிவு, மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அவற்றின் உறுப்பினர்களுக்கும் சில தனி உரிமைகளை வழங்குகிறது. உறுப்பினர்கள் அச்சமின்றிப் பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த உரிமைகள் இன்னின்னவை, அவற்றின் எல்லை இதுவரை என்று வகுத்துச் சொல்லும் சட்டம் இன்றளவும் இயற்றப்படவில்லை. எல்லை எழுதப்படாத நிலத்தில் வேலியை யார் வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம் அல்லவா?

2003 நவம்பரிலும் இதே வேலி தள்ளிப் போடப்பட்டது. செய்திகளுக்காகவும் ஒரு தலையங்கத்துக்காகவும் தி இந்து நாளிதழின் ஆசிரியர் உள்ளிட்டோருக்கும், அத்தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் பேரவை 15 நாள் சிறைத்தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் உடனடியாகத் தடை வழங்கியதால் அவர்கள் சிறை செல்லவில்லை. இருப்பினும் கேள்வி அப்படியே நிற்கிறது.

அரசின் கையில் இன்னோர் ஆயுதமும் உண்டு: அவதூறு வழக்கு. 2011 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் இருநூறுக்கும் மேற்பட்டவை என்ற விவரம் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நிவாரணப் பொருட்களில் முதலமைச்சரின் படம் ஒட்டப்படுகிறது என்ற செய்தி பரவியபோது, கேலிப்படங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. இடுப்பளவு நீரில் நின்ற மக்களுக்கு வேறென்ன ஆயுதம் இருந்தது? அரிசிக்குக் காத்திருந்தவன் சிரித்தான் என்றால், அந்தச் சிரிப்புக்குள் இருந்தது அழுகைதான்.

கேலி ஒருவரை அழித்துவிடுமா?

கேலிச்சித்திரம் அமைச்சர்களின் மதிப்பைக் குலைத்து ஆட்சியையே சாய்த்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம்.

2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்க, அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் அட்டைகளை நீரில் மிதக்கவிட்டார். காற்று அடித்தது; அட்டைகள் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது. எத்தனை கேலிப்படங்கள், எத்தனை துணுக்குகள்! அவர் பெயரோடு அந்த அட்டையும் ஒட்டிக்கொண்டது. பிறகு என்ன ஆயிற்று? 2021 தேர்தலில் அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. அவரோ அதே மதுரை மேற்குத் தொகுதியில் மீண்டும் வென்றார். சிரித்த மக்களில் பலரே வாக்கும் அளித்திருப்பார்கள். சிரிப்பு வேறு, பகை வேறு என்பதை மக்கள் நன்றாகவே அறிவார்கள். அதை அறியாதவர்கள் பெரும்பாலும் பதவியில் இருப்பவர்கள்தாம்.

பழைய தலைவர்களில் சிலர் இதை உணர்ந்திருந்தார்கள். 1948இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தம் வார இதழைத் தொடங்கியபோது, என்னையும் விட்டுவிடாதீர்கள் என்று பிரதமர் நேருவே அவரிடம் கேட்டுக்கொண்டார். தமிழிலோ அதற்கும் முன்பே, 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழில் பாரதியார் அரசியல் கேலிச்சித்திரங்களை வெளியிட்டு வழி திறந்தார். அன்று எதிரே இருந்தது பிரிட்டிஷ் ஆட்சி. அந்நியன் ஆட்சியில் பிறந்த ஒரு கலை, நம்மவர் ஆட்சியில் சிறைக்குப் போகலாமா?

எரிந்த குழந்தையும் வரைந்த கையும்

2017 அக்டோபர் 23ஆம் தேதி, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவி, இரு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். பலமுறை மனு கொடுத்தும் பலனில்லை என்ற நிலையில் நேர்ந்த கொடுமை அது. இதைக் கண்டு கொதித்த கேலிச்சித்திரக்காரர் ஜி.பாலா ஒரு படம் வரைந்தார். கீழே குழந்தை எரிகிறது. முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் ஆகிய மூவரும் உடையின்றி, ரூபாய் நோட்டுகளால் தங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நவம்பர் 5ஆம் தேதி திருநெல்வேலிக் காவல்துறையினர் சென்னைக்கு வந்து, கோவூரில் உள்ள வீட்டில் அவரைக் கைது செய்து கொண்டு சென்றார்கள். மறுநாள் நீதிமன்றம் பிணையில் விடுவித்தது.

அந்தப் படம் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத் தக்கதா என்று கேட்டால், நம்மில் பலர் முகம் சுளிப்போம். சுளிக்கலாம், அது நம் பண்பாடு. ஆனால் ஒரு கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. எது ஆபாசம்? கோடுகளால் வரையப்பட்ட உடையின்மையா? கண்ணெதிரே ஒரு பிஞ்சு எரிந்த பிறகும் அசையாத நிர்வாகமா? படத்தைக் கண்டு பதறிய வேகத்தில் பாதியேனும் மனுவைக் கண்டு காட்டியிருந்தால், அந்தப் படமே வரையப்பட்டிருக்காது.

கதை அங்கும் முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதையொட்டி, பிரதமர் விலங்குடன் அமர்ந்திருப்பதாக ஒரு படத்தை 2025 பிப்ரவரியில் விகடன் குழுமத்தின் மின்னிதழ் வெளியிட்டது. விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் 6ஆம் தேதி, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1987இல் ஒரு மனிதரை அடைத்தார்கள். 38 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தளத்தையே அடைத்தார்கள்.

நம் உறவினர்கள் பலர் வாழும் மலேசியாவிலும் இதே கதைதான். பிரதமர் நஜீபையும் அவர் துணைவியாரையும் ஓயாமல் வரைந்த சூனார் என்ற ஓவியர் மீது, 2015இல் தேசத் துரோகச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. 2018இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன.

எல்லை எங்கே?

அப்படியானால் எவரையும் எப்படியும் கேலி செய்யலாமா? நியாயமான கேள்வி. பிறரை இழிவுபடுத்துவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் நம் மார்க்கம் தடுக்கிறது. கொடுங்கோல் ஆட்சியாளன் முன் உண்மையை உரைப்பதை அதே மார்க்கம் உயர்ந்த அறமாகவும் போற்றுகிறது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. எங்கே எது பொருந்தும் என்று அறிவதே அறிவு.

ஓர் உதாரணம் பாருங்கள். நெருக்கடி நிலைக் காலம், 1975 டிசம்பர். இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் அபு ஆபிரகாம் ஒரு படம் வரைந்தார். குடியரசுத் தலைவர் பக்ருத்தீன் அலி அகமது குளியல் தொட்டியில் படுத்தபடியே அவசரச் சட்டத்தில் கையொப்பமிட்டு நீட்டுகிறார். இன்னும் இருந்தால் சற்றுக் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். அவர் ஒரு முஸ்லிம். ஆனால் அந்தப் படத்தின் எந்தக் கோடும் அவருடைய மார்க்கத்தைத் தொடவில்லை. படித்துப் பாராமல் போட்ட கையொப்பத்தை மட்டுமே தொட்டது. அதனால்தான் இன்றும் அது பேசப்படுகிறது.

தாடியையும் தொப்பியையும் வரைந்து, ஒரு சமுதாயத்தையே குற்றவாளியாகக் காட்டும் படங்களையும் நாம் கண்டிருக்கிறோம். அவை நம் மனத்தைப் புண்படுத்துகின்றன. அப்படியிருக்க, நமக்குப் பிடிக்காத ஓர் அமைச்சரின் சாதியையோ நிறத்தையோ ஊனத்தையோ, பெண் அமைச்சர் என்றால் அவருடைய ஒழுக்கத்தையோ கேலி செய்யும் படம் வரும்போது, நாம் மட்டும் சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பலாமா? பிறப்பைக் கேலி செய்வது கோழைத்தனம். பதவியில் இருந்து செய்த செயலைக் கேலி செய்வது குடிமகனின் உரிமை.

இன்று இது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட விஷயம். 2012 ஏப்ரலில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதலமைச்சர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கைதானார். அவர் மீது ஏவப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படியும் வழக்கிலிருந்து அவர் முழுமையாக விடுபட்டது 2023 ஜனவரியில்தான். ஒரு படத்தை அனுப்பியதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் அலைச்சல்!

இதைக் கேட்டதும், நமக்கேன் வம்பு, எதையும் பார்க்காதே, எதையும் அனுப்பாதே என்று பிள்ளைகளை அடக்கிவிடத் தோன்றும். பெற்றோர்களே, அவசரப்படாதீர்கள். அச்சத்தில் வளரும் பிள்ளை நாளை அநீதியைக் கண்டாலும் வாய் திறக்காது. வரைமுறையின்றி வளரும் பிள்ளையோ எளியவனைக் கண்டு சிரிக்கும். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

உங்கள் மகனோ மகளோ ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்த்துச் சிரித்தால் தடுக்காதீர்கள். அருகில் அமர்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதில் உனக்குச் சிரிப்பு மூட்டியது எது? அவர் செய்த காரியமா, அவருடைய உருவமா?"

பிள்ளை சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேளுங்கள். பிறகு அதே கேள்வியை அத்தாவும் உம்மாவும் தங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.