பெயருக்கு ஒரு கப்பல்

2025 டிசம்பரில் அமெரிக்கா அறிவித்த புதிய பேட்டில்ஷிப் திட்டத்தின் ஓவியங்களை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். 1992இல் கடைசியாக ஓய்வு கொடுத்து அனுப்பிய ஒரு கப்பல் வகையை, பதவியில் இருக்கும் அதிபரின் பெயரையே சூட்டி, மறுபடியும் கடலில் இறக்கப்போகிறார்களாம். முதல் கப்பலுக்கு 'டிஃபயன்ட்' என்ற பெயர்கூடத் தயார். லேசர் கற்றை, மின்காந்தப் பீரங்கி, அணு ஆயுத ஏவுகணை என்று ஓவியத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தக் கப்பல் எந்தப் போருக்கு என்பதைத்தான் யாரும் சொல்லக் காணோம்.

அறிவிப்போடு அவர்களே வெளியிட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். எடை 35,000 டன்னுக்கு மேல். செங்குத்து ஏவுகுழாய்கள் 128. தனியாக ஹைப்பர்சோனிக் ஏவுகணைகள் 12. இன்று கடலில் இருக்கும் ஆர்லி பர்க் வகை நாசகாரிக் கப்பல் ஏறக்குறைய 9,700 டன்தான். அதில் ஏவுகுழாய்கள் 96. அதாவது எடை மூன்றரை மடங்கு ஏறுகிறது, குழாய் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதே எடைக்கு மூன்று நாசகாரிகள் கட்டினால் 288 குழாய்கள் கிடைக்கும். அவை மூன்று கடல்களில் நிற்கும். ஒன்று பழுதுபார்க்கப் போனாலும் இரண்டு காவலில் இருக்கும். 'இரும்பு மலிவு, ரேடாரும் மின்னணுக் கருவிகளும்தான் விலை. எல்லாவற்றையும் ஒரே கப்பலில் வைப்பது சிக்கனம்' என்று இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது. சரி, அந்த மலிவான இரும்புக்குள் 300 குழாய்களை அல்லவா அடுக்கியிருக்க வேண்டும்? ஏன் 128 மட்டும்? இந்தக் கேள்விக்கு விடை இல்லாத வரையில் சிக்கனம் என்ற பேச்சே பொருந்தாது. செங்கடலில் ஹூதிகளின் ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் வீழ்த்திய நாசகாரிகள், குழாய் காலியானதும் துறைமுகத்துக்குத் திரும்பித்தான் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. நடுக்கடலில் நிரப்பும் முறை இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டவில்லை. மூன்று கப்பல்கள் இருந்தால் ஒன்று போய் நிரப்பி வரும்வரை மற்றவை தாக்குப்பிடிக்கும். ஒரே பெருங்கப்பல் கரைக்குத் திரும்பினால் 128 குழாய்களும் ஒருசேரக் களத்தை விட்டுப் போகும். எதிரி அதுவரை காத்திருக்க மாட்டான்.

பெரிய கப்பல் அடி தாங்கும் என்பது அடுத்த வாதம். 1945 ஏப்ரல் 7 அன்று ஜப்பானின் யமாட்டோ மூழ்கியது. 46 சென்டிமீட்டர் பீரங்கிகளும் அதுவரை எந்தக் கப்பலுக்கும் இல்லாத கவசமும் கொண்டிருந்த அந்தக் கப்பலைப் பத்துக்கு மேற்பட்ட டார்பிடோக்களும் குண்டுகளும் சில மணி நேரத்தில் முடித்துவிட்டன. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டார்கள். அமெரிக்கா இழந்தது 10 விமானங்கள். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1941 டிசம்பர் 10 அன்று, மலாயா கரையோரத்தில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே பகலில் மூழ்கடித்திருந்தன. 1971 டிசம்பரில் கராச்சிக்கு அருகே பாகிஸ்தானின் நாசகாரியான கைபரை மூழ்கடித்தது, சுமார் 200 டன் எடையுள்ள இந்திய ஏவுகணைப் படகு. 2022இல் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பலுக்கு இரண்டு உக்ரைன் ஏவுகணைகள் போதுமாயின. மாஸ்க்வாவின் பராமரிப்பு மோசம், அது விதிவிலக்கு என்பார்கள். போர்க்காலத்தில் எந்தக் கப்பல்தான் ஏட்டில் உள்ளபடி இயங்கியிருக்கிறது?

1991 வளைகுடாப் போரை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. மிசௌரி, விஸ்கான்சின் என்ற பழைய பேட்டில்ஷிப்கள் இரண்டும் அப்போது டோமஹாக் ஏவுகணைகளைச் செலுத்தின, கரையைக் குண்டுகளால் தாக்கின, உண்மைதான். எதிரே கடற்படை என்று சொல்லத்தக்க ஒன்று ஈராக்கிடம் எஞ்சியிருக்கவில்லை. அந்த நிலையிலும் கரையிலிருந்து ஒரு சில்க்வார்ம் ஏவுகணை மிசௌரியை நோக்கி வந்தது. அதை வானிலேயே வீழ்த்தியது, அருகில் காவல் நின்ற பிரிட்டனின் குளோஸ்டர் என்ற நாசகாரி. பெரியதைக் காப்பாற்றச் சிறியது தேவைப்பட்டது என்பதுதான் அந்த நாள் காட்டிய உண்மை. மேலும், மிசௌரியும் விஸ்கான்சினும் 1940களில் கட்டி முடித்திருந்த கப்பல்கள். கையில் இருந்ததைப் பயன்படுத்தியதும், இல்லாததைப் புதிதாகக் கட்டுவதும் ஒன்றாகிவிடாது.

இந்த முடிவை எடுத்தவர்களின் முன்கதையைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் கூடுகிறது. ஜம்வால்ட் வகைக் கப்பல்கள் 32 கட்டுவோம் என்றார்கள், கட்டியது 3. அதன் பீரங்கிக்குரிய குண்டு ஒன்றின் விலை சுமார் 8 லட்சம் டாலர் என்றானதும் குண்டு வாங்குவதையே நிறுத்தினார்கள். சுட முடியாத பீரங்கிகளைச் சுமந்து திரிந்த அந்தக் கப்பல்களில் இப்போது அவற்றைக் கழற்றி ஏவுகணைகளைப் பொருத்துகிறார்கள். கரையோரச் சண்டைக்கென்று வந்த எல்.சி.எஸ். வகையில் 'சூ சிட்டி' 2018இல் சேவைக்கு வந்து 2023இல், ஐந்தாண்டுகூட முடியாமல், ஓய்வு பெற்றது. கான்ஸ்டலேஷன் ஃபிரிகேட் இன்னொரு கூத்து. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த கப்பலின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 85 விழுக்காடு ஒற்றுமை 15 விழுக்காடாகச் சுருங்கும்வரை திருத்தித் திருத்தி, மூன்றாண்டு தாமதமாக்கி, 2025 நவம்பரில் இரண்டு கப்பல்களோடு கைகழுவினார்கள். அடுத்த மாதமே, 'பழைய குருடி கதவைத் திறடி' என்று, இந்தப் பேட்டில்ஷிப். அதில் வைக்கப்போவதாகச் சொல்லும் மின்காந்தப் பீரங்கியை 2021இல் கைவிட்டதும் இதே கடற்படைதான். அந்தத் தோல்விகளுக்கு யார் பொறுப்பேற்றார்கள், யார் பதவி இழந்தார்கள்? சிறிய ஃபிரிகேட்டையே கட்டி முடிக்கத் தெரியாதவர்களிடம் 35,000 டன் கப்பலை ஒப்படைப்பது துணிச்சல் அல்ல, பொறுப்பின்மை.

சீனக் கப்பல் கட்டும் தளங்கள் ஆண்டுதோறும் பல போர்க்கப்பல்களைக் கடலில் இறக்குகின்றன. அமெரிக்கத் தளங்களால் ஆண்டுக்கு இரண்டு நாசகாரிகளைக்கூட முடித்துக் கொடுக்க முடியவில்லை. வெல்டரும் குழாய்ப் பணியாளரும் போதுமான அளவில் இல்லை. இந்த நெருக்கடியில் மிகப் பெரிய கப்பலை உள்ளே நுழைத்தால், வரிசையில் நிற்கும் மற்றவையும் தள்ளிப்போகும். கடற்படையை வலுப்படுத்த விரும்பினால் அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை: தளங்களைச் சீர்செய்யலாம், ஏவுகணைக் கையிருப்பைப் பெருக்கலாம், கப்பல்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். எப்படியாயினும் தொடக்கம் இந்தத் திட்டத்தைக் கைவிடுவதாகவே இருக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கு ஒரு டாலர்கூட ஒதுக்கக் கூடாது.