தொலைபேசிக்குப் பூட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, எங்கள் கண்டி அலுவலகத்தில் ஒரேயொரு தொலைபேசிதான் இருந்தது. எண் சுழற்றும் வட்டத்தில் சிறிய பூட்டொன்று தொங்கும். அதன் திறப்பு பொறுப்பாளரிடம் இருக்கும். ஊழியர்கள் சொந்தக் கதை பேசி வேலை நேரத்தை வீணாக்கிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். ஒருநாள் மாலை விபத்துச் செய்தியொன்றைக் கொழும்புக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. பொறுப்பாளரோ திறப்புடன் வீட்டுக்குப் போய்விட்டார். தபாலகத்துக்கு ஓடிச் சென்று செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கம் மூடப்பட்டுவிட்டது.

பணியிடத்தில் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அந்தப் பூட்டுத்தான் என் நினைவுக்கு வருகிறது.

ஆனால் தடை கோருவோரின் கோபத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அண்மையில் கண்டியிலுள்ள அரச அலுவலகமொன்றுக்குச் சென்றிருந்தேன். பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயர்ப் பிழையைத் திருத்துவதற்காக ஒரு தாய் வந்திருந்தார். அன்றைய நாட்சம்பளம் அவருக்கு இல்லை. கருமபீடத்துக்கு அப்பாலிருந்த உத்தியோகத்தர் கைத்தொலைபேசியில் காணொளி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "அவரு பாத்து முடிக்கட்டுங்க ஐயா" என்றார் அந்தத் தாய், என் முகம் மாறுவதைக் கண்டு. அந்தக் கணத்தில் யாராவது தடைச் சட்டம் கொண்டுவந்திருந்தால் நானே முதலில் கையொப்பமிட்டிருப்பேன்.

அடுத்த கால் மணி நேரத்தில் நடந்தது வேறு. இன்னொரு மேசையிலிருந்த இளம் உத்தியோகத்தர் அந்த ஆவணத்தைப் படமெடுத்து, வாட்ஸ்அப் வழியாகக் கிராம உத்தியோகத்தருக்கு அனுப்பி, வேண்டிய விபரத்தைப் பெற்றுக்கொடுத்தார். அந்தத் தாய்க்கு இரண்டாவது பயணம் மிச்சமாயிற்று. காக்க வைத்ததும் கைத்தொலைபேசிதான், காரியத்தை முடித்ததும் கைத்தொலைபேசிதான். எனினும் அந்தப் படம் இன்று இரண்டு பேரின் சொந்தத் தொலைபேசிகளில் கிடக்கிறது. அதை யார் அழிப்பார், எப்போது அழிப்பார் என்று எவரும் கேட்கவில்லை.

பூட்டுப் போடுவதால் என்ன நடக்கும் என்பதைக் கண்டி மக்கள் அனுபவித்து அறிந்தவர்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது, சமூக வலைத்தளங்களில் வெறுப்பும் வதந்தியும் பரவின. 7 ஆம் திகதி அரசாங்கம் அவற்றை முடக்கியது. ஒரு வாரத்துக்குப் பின்னரே தடை முழுமையாக நீங்கியது. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக 2020 இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அந்த முடக்கத்துக்கு ஒரு தேவை இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் வழி தெரிந்தவர்கள் வி.பி.என். மூலம் உள்ளே நுழைந்தார்கள். வதந்தியை மறுக்க வேண்டிய எங்களைப் போன்றவர்களோ கிராமத்துச் செய்தியாளரோடு தொடர்புகொள்ள முடியாமல் தவித்தோம். சட்டத்துக்குக் கட்டுப்படுபவனைத்தான் பூட்டு முதலில் தடுக்கிறது.

இதிலே இன்னொரு பக்கமும் உண்டு. 2020 இல் கொவிட் முடக்கம் வந்தபோது ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசியில், தம் சொந்தச் செலவில் டேட்டா வாங்கி, வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தினார்கள். அலுவலக உத்தரவுகளும் அதே வழியில் இரவு பத்து மணிக்கும் வரத் தொடங்கின. தொற்று ஓய்ந்தும் அப்பழக்கம் ஓயவில்லை. 2022 செப்டெம்பரில், பாடசாலைகளில் பிள்ளைகள் பசியால் மயங்கி விழுவதாக ஆசிரியர்களும் சுகாதார உத்தியோகத்தர்களும் கூறியதையடுத்து, அரச ஊழியர் சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரிய குற்றம் என்று அரச நிருவாக அமைச்சு தாபன விதிக்கோவையை எடுத்துக்காட்டிச் சுற்றுநிருபம் அனுப்பியது. உத்தரவு கேட்பதற்குத் தொலைபேசி திறந்திருக்க வேண்டும்; உண்மை சொல்வதற்கு மூடியிருக்க வேண்டும். இது ஒழுக்கமல்ல, ஒருவழிப் பாதை.

ஆகவே, அலுவலகத்தில் சமூக வலைத்தளம் இருக்கலாமா என்ற கேள்வியே பழையதாகிவிட்டது. அது ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது, வரவழைத்ததும் அலுவலகமே. இனி வேண்டியது விதி. அது மேலதிகாரிக்கும் பொருந்தும் விதியாக இருக்க வேண்டும். எதிரே ஒரு மனிதர் நிற்கும்போது தொலைபேசி லாச்சிக்குள் இருக்கட்டும். பொதுமக்களின் ஆவணங்கள் அலுவலகத்துக்குரிய கருவியில் மட்டும் பதிவாகட்டும். அப்போதுதான் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்பவருக்குக் காட்ட ஒரு பதிவு மிஞ்சும். வேலை நேரம் முடிந்தபின் உத்தரவுகளும் ஓயட்டும். பிரான்ஸ் 2016 இலும் அவுஸ்திரேலியா 2024 இலும் இதனை ஊழியரின் உரிமையாகவே சட்டத்தில் எழுதிவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் புயலும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் உயிர்களைக் காவுகொண்டதைப் போன்ற நாட்கள் விதிவிலக்கு. அப்போது எந்நேரமும் தொலைபேசி திறந்திருப்பதே கடமை. அலுவலக இரகசியத்தை வெளியிடாதவரை, ஓய்வு நேரத்தில் ஊழியர் பேசும் உண்மைக்குத் தண்டனை கூடாது.

எங்கள் அலுவலகத்துப் பூட்டு ஒரு சோம்பேறியையும் உழைப்பாளியாக்கவில்லை. ஒரு செய்தியை மட்டும் கொன்றது. பன்விலைத் தாய் அடுத்த முறை வரும்போது, தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கும் ஓர் உத்தியோகத்தர் அங்கே இருக்க வேண்டும். அதைப் பூட்டினால் பெற முடியாது.