பாக்டீரியா வந்து பார்த்துக்கொள்ளுமா?

போன வாரம் வகுப்பு செமினாரில் நண்பன் ஒருவன் அழகாக ஸ்லைடு போட்டான். கடலில் எண்ணெய் கொட்டினால் பயமே வேண்டாமாம், அதைத் தின்னும் பாக்டீரியாவைத் தூவினால் போதுமாம். கைதட்டல் வேறு! நான் தட்டவில்லை. (கோபப்படாதே மாப்ள, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.)

பாக்டீரியா எண்ணெய் தின்பது பொய்யில்லை. அல்கனிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்குச் சாப்பாடே அதுதான். ஆனால் அதற்கு ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் வேண்டும். வேலை முடிய வாரங்கள், மாதங்கள் ஆகும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையில் உரம் தெளித்து அங்கிருந்த பாக்டீரியாவை வளர்த்தார்கள். மேலாக இருந்த எண்ணெயில் பலன் தெரிந்தது. காற்றுப் புகாமல் கற்களுக்கு அடியில் போனது இருபது வருடம் கழித்தும் அங்கேயே இருந்தது.

அலாஸ்கா எதற்கு, நம்ம எண்ணூர் இருக்கிறதே. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பாதிப்பே இல்லை என்றார்கள். பிறகு பார்த்தால் கரையெங்கும் கறுப்புக் கூழ். இயந்திரங்கள் திணற, மீனவர்களும் இளைஞர்களும் வாளியில் அள்ளினார்கள். பாக்டீரியாவும் வந்தது, மறுக்கவில்லை. எங்கே? அள்ளிய கழிவைக் கொட்டிய குழிக்கு! வாளி முடித்த இடத்தில்தான் பாக்டீரியா ஆரம்பித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள்தான் படகில் போய்க் கையால் அள்ளினார்கள். ஏழு வருடத்தில் நாம் கற்றது இவ்வளவுதான்.

இப்போது நம்ம தூத்துக்குடிக்கு வாருங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வான் தீவு. அங்கிருந்து பாம்பன் வரை மன்னார் வளைகுடாவின் தீவுகள், பவளப்பாறை, கடற்புல். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை, ஆனால் பார்கள் அங்கேயேதான் இருக்கின்றன. முத்துச்சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர், எண்ணெய்த் துளியும் சேர்ந்தே உள்ளே போகும். அலாஸ்கா மாதிரி உரம் தெளிக்கலாமா? பாசி வளர்ந்து பவளத்தை மூடிவிடும்.

எங்கள் தெருவில் சங்கு குளிக்கப் போகும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அது தின்னு முடிக்கிற வரைக்கும் எம்புள்ளைக என்னத்தத் திங்கும் தம்பி?" என்று கேட்டுவிட்டு வலையைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பாக்டீரியாவைத் திட்டவில்லை, நண்பர்களே. அதைக் காட்டி மற்றதையெல்லாம் மறக்கடிப்பதுதான் எரிச்சல். துறைமுக எல்லைக்குள் கொட்டினால் முதல் பொறுப்பு துறைமுகத்துக்கு, வெளியே கடலோரக் காவல்படைக்கு. எண்ணெயைச் சுற்றி வளைக்கும் மிதவைத் தடுப்பு எத்தனை மீட்டர் கைவசம் இருக்கிறது? வான் தீவுக்கு அது போய்ச்சேர எத்தனை மணி நேரம்? எவ்வளவு கொட்டியது என்பதை முதல் நாளே மீனவர்களுக்குச் சொல்வது யார்?

அடுத்த செமினாரில் இதற்கு ஸ்லைடு போடு மாப்ள. முதல் ஆளாக நான் கைதட்டுகிறேன்.