உறங்கும் கணினியும் உறங்காத மின்மானியும்

வீட்டுக் கணினியை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்து செல்வது இன்று உலகெங்குமுள்ள தமிழ்க் குடும்பங்களில் சாதாரண வழக்கமாகிவிட்டது. சற்று நேரத்தில் திரை இருண்டுவிடுகின்றது. கணினி உறங்கிவிட்டது என்ற நிம்மதியில் வீடும் உறங்கச் செல்கின்றது. ஆயின், இருண்ட திரை வேறு, உறங்கும் கணினி வேறு. உறக்கத்திலும் இருவகை உண்டு. இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது கணினி வல்லுநரின் வேலை என நாம் ஒதுக்கிவிட முடியாது. மின்கட்டணம் செலுத்துவோரும், மின்சாரம் முன்னறிவித்தலின்றித் தடைப்படக்கூடிய நாட்டில் வாழ்வோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

திரை இருள்வதால் ஓய்வு பெறுவது திரை மட்டுமே. பெட்டி தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கும். ஒருகாலத்தில் மீன்களையும் மலர்களையும் திரையில் ஓடவிட்ட ஸ்கிரீன் சேவரும் மின்சாரத்தைச் சேமிக்கப் பிறந்ததன்று. பழைய குழாய்த் திரைகளில் ஒரே உருவம் நிலைத்து நின்று தழும்பாகப் பதிந்துவிடாமற் காப்பதே அதன் பணியாக இருந்தது.

ஸ்லீப் எனப்படும் உறக்கநிலையில் கணினியின் பெரும்பாலான உறுப்புகள் நின்றுவிடும். நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். திறந்து வைத்த பக்கங்கள், பாதியில் நின்ற கடிதம் யாவும் அந்நினைவகத்திலேயே தங்கியிருப்பதால், ஒரு விசையைத் தொட்டதும் ஓரிரு விநாடிகளில் அவை மீண்டும் தோன்றும். ஹைபர்னேட் எனப்படும் நெடுந்துயில் நிலையிலோ நினைவகத்தில் உள்ளவை யாவும் வன்தட்டில் எழுதப்பட்ட பின்னர் கணினி முற்றாக நின்றுவிடும். மீண்டும் எழுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. குளிர்காலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பனிக்காலம் முழுவதும் வளைக்குள் சுருண்டு கிடக்கும் முள்ளெலியின் துயிலைக் கணினிக்கு இரவல் கொடுத்திருக்கின்றார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நினைவகத்தில் உள்ளவை மின்சாரம் நின்றவுடன் அழிந்துவிடும். வன்தட்டில் உள்ளவை அழிவதில்லை. எனவே உறக்கநிலை என்பது மின்சாரத்தின் மீது வைக்கும் நம்பிக்கை. நெடுந்துயில் அந்த நம்பிக்கையை வேண்டுவதில்லை.

இத்தொழில்நுட்பத்துக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1992 இல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட பொருட்களே கணினிகளும் திரைகளுந்தாம். 2007 இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா, இருவகைத் துயிலையும் இணைத்த கலப்பு உறக்கத்தை அறிமுகம் செய்தது. மேசைக் கணினி நினைவகத்துக்கு மின்சாரம் கொடுத்தபடி உறங்கும். அதேவேளை வன்தட்டிலும் ஒரு பிரதி எழுதப்பட்டிருக்கும். மின்சாரம் போனாலும் வேலை போகாது. மிகச் சிறந்த ஏற்பாடு இது. ஆனால் 2012 இல் வந்த விண்டோஸ் 8 நெடுந்துயிலை வழக்கமான பட்டியலிலிருந்து மறைத்துவிட்டது. பின்வந்த பதிப்புகளிலும் நாமாகத் தேடிச் சென்று தெரிவு செய்தாலன்றி அது பெரும்பாலும் கண்ணிற் படுவதில்லை. புதிய மடிக்கணினிகள் பலவற்றிலோ உறக்கம் என்பது அரைத்தூக்கமாகிவிட்டது. மூடி வைத்த பின்னரும் அவை இணையத்துடன் தொடர்பு வைத்திருக்கும். பைக்குள் வைத்த கணினி சூடாகி, மின்கலம் வற்றிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்சாரம் எப்போதும் இருக்கும் என்று கருதும் நாடுகளில் இத்தெரிவுகள் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே எனது அபிப்பிராயம். அந்நாடுகளிலும் அந்நம்பிக்கை பொய்ப்பதுண்டு. 2003 ஓகஸ்ட் 14 அன்று நியூயோர்க்கும் ரொறன்ரோவும் ஒருசேர இருளில் மூழ்கியதை அங்குள்ள எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். ஆயின் அங்கே அது விதிவிலக்கு. இலங்கையில் 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. 2023 டிசம்பர் 9 அன்றும், 2025 பெப்ரவரி 9 அன்றும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பிந்தியதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று செய்த வேலையே காரணம் என்று அமைச்சரே விளக்கமளித்தார். குரங்கு நேரம் குறித்து வருவதில்லை. உறங்கும் கணினியும் அதற்குமுன் விழித்துக்கொள்ளப் போவதில்லை.

இதனிலும் முக்கியமானது இடியும் மின்னலும். பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இருட்டியதும் வீட்டிலுள்ள முதியவர்கள் தொலைக்காட்சியின் செருகியைக் கழற்றிவிடுவார்கள். கணினிக்கும் அதுவே தகுந்த பாதுகாப்பு. ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது. செருகியைக் கழற்ற வேண்டும், இணைய இணைப்புக் கம்பியையும் கழற்ற வேண்டும். உறக்கநிலையில் உள்ள மேசைக் கணினியின் செருகியைக் கழற்றத் தயங்குவோம். நெடுந்துயிலில் உள்ளதை எவ்வித அச்சமுமின்றிக் கழற்றலாம். பாதியில் விட்ட வேலை மறுநாட் காலையில் அப்படியே காத்திருக்கும்.

கட்டணத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். திரை இருண்ட பின்னரும் 50 வாட் மின்சாரம் இழுக்கும் கணினியொன்று தினமும் 16 மணித்தியாலம் சும்மா நின்றால், மாதத்துக்கு 24 அலகுகள். அதே கணினி 3 வாட்டுடன் உறங்கினால் ஏறக்குறைய ஒன்றரை அலகு. நெடுந்துயிலில் விட்டுச் செருகியையும் கழற்றினால் ஒன்றுமேயில்லை. பணத்தைப் பொறுத்தவரை இருவகைத் துயிலுக்குமிடையே பெரிய வேறுபாடில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இழப்பு முழுவதும் உறங்காமல் இருளில் விழித்திருக்கும் கணினியாலேயே ஏற்படுகின்றது. பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் இலங்கையில், இந்த 24 அலகுகளும் பட்டியலின் உச்சியில், அதிக விலைப் படியிலே போய்ச் சேர்கின்றன.

நெடுந்துயிலுக்கு எதிராகவும் சில வாதங்கள் உண்டு. வன்தட்டில் பல கிகாபைட் இடம் பிடிக்கும் என்பது உண்மை. மிகச் சிறிய வன்தட்டு உள்ளவர்கள் அதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். அடிக்கடி எழுதுவதால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்பது மிகைப்படுத்தப்பட்ட அச்சம். ஓர் இரவுக்கு 4 கிகாபைட் எழுதினாலும் ஆண்டுக்கு ஒன்றரை டெராபைட்டுக்கு மேற்படாது. இன்று சாதாரணமாகக் கிடைப்பவை நூறு டெராபைட்டுக்கு மேல் எழுதத் தாங்கக்கூடியவை. வாரத்துக்கொரு தடவையேனும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற வாதம் மட்டும் முழுமையாக ஏற்கத்தக்கது. விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பதும் பல கணினிகளில் முழுமையான நிறுத்தமாக இருப்பதில்லை. ரீஸ்டார்ட் தான் உண்மையான புதுத் தொடக்கம்.

ஒரு சிறிய சோதனையை வாசகர்களுக்குப் பரிந்துரைக்கின்றேன். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, தேவையற்ற ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்து, மேசைக் கணினியை உறங்க விடுங்கள். சில நிமிடங்களின் பின் செருகியைக் கழற்றி, மீண்டும் மாட்டி இயக்குங்கள். அப்பக்கம் திரும்பி வந்தால் உங்கள் கணினி கலப்பு உறக்கத்தில் இருக்கின்றது, கவலையில்லை. வராவிட்டால் கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, ஆற்றற் பொத்தான்களின் செயலைத் தீர்மானிக்கும் பக்கத்தில் ஹைபர்னேட் என்பதற்கு அடையாளமிடுங்கள். யூபிஎஸ் வைத்திருப்போர், அதன் மின்கலம் தீரும் தறுவாயில் கணினி நெடுந்துயிலுக்குச் செல்லுமாறு அமைத்துக்கொள்ளலாம்.

கணினியை வாங்குபவர்களும் அதற்கு மின்கட்டணம் செலுத்துபவர்களும் நாமே. அது எவ்வாறு உறங்க வேண்டும் என்பதை மட்டும் ஏன் வேறொருவரிடம் விட்டுவிட வேண்டும்?