பெருஞ்செல்வர் வீட்டுக் கடைக்குட்டி



எங்கள் பங்கில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகிவிட்டார். நலம் விசாரிக்கச் சென்ற அன்று, கல்லூரியில் பயிலும் அவருடைய பேத்தி கட்டிலருகே தொலைக்காட்சியில் ஏதோ கொரிய நாட்டுத் தொடரை ஓடவிட்டிருந்தாள். கீழே ஆங்கில வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "சாமி, உட்காருங்கள். இந்தக் கிழவனைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார் ஆசிரியர். பத்து நிமிடத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் அமர்ந்தேன். பதினாறு பகுதிகள் கொண்ட அத்தொடரின் முதற்பகுதி முடியும்வரை எழவில்லை. பின்னர் வாரம் இருமுறை அவ்வீட்டுக்குச் செல்லக் காரணம் தேடிக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தொடரின் கொரியப் பெயருக்கு 'பெருஞ்செல்வர் வீட்டுக் கடைக்குட்டி மகன்' என்று பொருள். உலகெங்கும் 'ரீபார்ன் ரிச்' என்னும் பெயரில் அறியப்படுகிறது. 2022 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொரியாவில் ஒளிபரப்பானது. சுன்யாங் என்னும் மாபெருந் தொழிற்குழுமத்தை நடத்தும் குடும்பத்துக்கு ஏவல் செய்து பிழைத்த ஓர் ஊழியன், அக்குடும்பத்தாராலேயே வஞ்சிக்கப்பட்டுச் சுடப்படுகிறான். கண் விழிக்கையில் ஆண்டு 1987. அதே வீட்டின் கடைக்குட்டிப் பேரன் டோஜுனாக, சிறுவனாக இருக்கிறான். பழி வாங்க வேண்டும், குழுமத்தையே விலைக்கு வாங்க வேண்டும் என்பது அவன் நோக்கம். இவ்வாறு மீண்டும் பிறப்பதெல்லாம் கதை ஆசிரியரின் வசதிக்கு. அதை நான் பொருட்படுத்தவில்லை.

என்னை ஈர்த்தவர் பாட்டனார் ஜின் யாங்சோல்தான். லீ சங்மின் என்னும் நடிகர் அவ்வேடத்தில் வாழ்ந்தே காட்டியிருக்கிறார். ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உழைத்து உயர்ந்தவர். ஒரு காசு வீணானால் பொறுக்காதவர். ஆனால் இழப்புக்கு மேல் இழப்புத் தரும் கார்த் தொழிற்சாலையை மட்டும் கைவிட மனம் வராதவர். இலாபத்தையன்றி வேறொன்றையும் அறியாத மனிதருக்கும் கணக்குக்கு அப்பாற்பட்ட ஓர் ஆசை உண்டு என்பதை அத்தொடர் அழகாகக் காட்டுகிறது.

அவருக்கு மூன்று ஆண்மக்கள், ஒரு மகள். மூத்த மகன் தனக்கே எல்லாம் என்று இருக்கிறான். இரண்டாமவன் அண்ணன் இடறி விழக் காத்திருக்கிறான். மகள் பெண் என்பதனால் ஒரு பேரங்காடியைப் பெற்று ஒதுக்கப்பட்டவள். அந்தச் சினம் அவளது ஒவ்வோர் அசைவிலும் தெரிகிறது. தன்னை நிரூபிக்கும் வெறியில் அவள் அங்காடியின் பணத்தைப் பங்குச் சந்தையில் இறைத்து, தந்தையின் முன் நின்று கதறும் காட்சியில் பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி மகன் வேறொரு பெண்ணுக்குப் பிறந்தவன்; அவனுடைய மகன்தான் டோஜுன்.

மூத்த பேரனின் திருமண நாளன்று கிழவர் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்கிறார்: இனி மூத்தவன் வழிதான் வாரிசு என்னும் முறை இல்லை, தகுதியுடையவன் எவனோ அவனுக்கே சுன்யாங். கேட்பதற்கு நீதியான சொல்லாகவே தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணம் முதல் அவ்வீட்டில் எவரும் மகனுமில்லை, மகளுமில்லை, எல்லோரும் போட்டியாளர்கள். தந்தைக்குச் செய்யும் வணக்கமும் ஒரு விண்ணப்பமாகிவிடுகிறது. இறுதியில் கிழவரும் டோஜுனும் செல்லும் காரின்மீது ஒரு சரக்குந்து மோதுகிறது. ஏவியவர் யார் என்று பார்த்தால், கட்டிய மனைவி! தம் மூத்த மகனின் வழி இழந்துவிடக் கூடாதென்று அந்த மூதாட்டி கணவரையே கொல்லத் துணிகிறார். தப்பிப் பிழைத்த கிழவர் நினைவு தடுமாறித் தம்மையே மறக்கத் தொடங்குகிறார். அந்த நிலையில் அவர் நம்பிக் கையைப் பற்றுவது, பழி தீர்க்க வந்தவனின் கையை. தொடர் முழுவதிலும் உண்மையான பாசம் அரும்பிய இடம் அது ஒன்றுதான்.

'இதெல்லாம் மிகையல்லவா?' என்று கேட்பீர்கள். கொரிய வரலாற்றைப் புரட்டினால் மிகை குறைவு என்றே தோன்றும். 'சேபோல்' என்று அழைக்கப்படும் இக்குடும்பக் குழுமங்களில் முதன்மையானது சாம்சங். நிறுவனர் லீ பியோங்சுல் 1938-இல் டேகு நகரில் சிறு வணிகமாக அதைத் தொடங்கினார். அவர் தம் மூத்த மகனை ஒதுக்கி, மூன்றாம் மகனைத் தேர்ந்தார். 1987 நவம்பரில் மறைந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2012-இல், எண்பது வயதான அந்த மூத்த மகன் தம் தம்பிமீது தந்தையின் பங்குகளைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்கில் தோற்றார், 2015-இல் இறந்தார். எண்பது வயதில் ஒருவர் நீதிமன்றப் படியேறியது பணத்துக்காக மட்டுந்தானா என்று நான் ஐயுறுகிறேன்.

ஹூண்டாயின் கதை இன்னும் கசப்பானது. அதனை நிறுவிய சுங் ஜுயுங் 1915-இல் இன்றைய வட கொரியப் பகுதியில் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். தந்தை மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர். 1998-இல், வயது எண்பதைத் தாண்டிய பின், இரு முறையாக ஆயிரத்தொரு மாடுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி எல்லை தாண்டிப் பிறந்த மண்ணுக்குக் கொண்டு சென்றார். ஒரு மாட்டின் கடனை இவ்வாறு தீர்த்த தந்தை! (திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் தொழிற்சாலை அவர் தொடங்கிய நிறுவனத்தினுடையதே, அதுவும் 1998-இல்தான் கார் செய்யத் தொடங்கியது.) ஆனால் 2000-ஆம் ஆண்டில், அவர் கண் முன்னாலேயே இரண்டு மக்கள் தலைமைக்காக மோதிக்கொண்டனர், குழுமம் உடைந்தது. 2001 மார்ச்சில் அவர் மறைந்தார். தந்தை தேர்ந்த அந்த மகன் 2003-இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அம்மோதலுக்குக் கொரியச் செய்தித்தாள்கள் 'இளவரசர்களின் கலகம்' என்று பெயரிட்டன. அது பழைய பெயர். 1392-இல் சோசன் அரசை நிறுவிய மன்னர், வளர்ந்த மக்களை விட்டுவிட்டுக் கடைக்குட்டியைப் பட்டத்துக்கு உரியவனாக்கினார். 1398-இல் ஐந்தாம் மகன் அந்தத் தம்பியைக் கொன்றான். தந்தை மனமுடைந்து முடி துறந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. தொடரில் 1997-ஆம் ஆண்டு நெருக்கடியும் வருகிறது. பன்னாட்டு நிதியத்திடம் கையேந்தும் நிலைக்குக் கொரியா வந்த ஆண்டு அது. பெரிய வீட்டார் கடன்பட்டுக் கட்டிய கோட்டைகள் சரிந்தபோது வேலையிழந்தவர்கள் தொழிலாளர்களே. 1998-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் மக்கள் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் பிறந்த நாள் மோதிரங்களையும் நாட்டின் கடனை அடைக்கக் கொண்டுவந்து தந்தனர். இருநூறு டன்னுக்கு மேல் தங்கம் சேர்ந்தது. சியோலின் கர்தினால் கிம் தம் பொற்சிலுவையையே கொடுத்துவிட்டார். அந்த எளிய வரிசையின் கதையை எவரேனும் தொடராக எடுத்தால் அதையும் பார்க்க நான் ஆயத்தம்.

இனி ஆசிரியர் வீட்டுக்கு வருகிறேன். அவர் இசைவுடன்தான் எழுதுகிறேன். அவருக்கும் மூன்று பிள்ளைகள். இரு மகன்கள் வெளியூரில். மகள் அடுத்த தெருவில். "கடைசிவரை யார் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கே வீடு" என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே மூவரிடமும் சொல்லிவிட்டதாக என்னிடம் ஒருமுறை பெருமையாகக் கூறியிருந்தார். நானும் தலையசைத்திருந்தேன் என்பதே இப்போது எனக்கு வருத்தம்.

தொடரில் கிழவரின் உயில் வாசிக்கப்பட்ட மாலை. அன்பாய் வளர்த்த கடைக்குட்டிக்கு அதில் ஒரு பங்குகூட இல்லை. ஆசிரியர் பெட்டியை நிறுத்தச் சொன்னார். அப்போது மகள் கஞ்சியோடு உள்ளே வந்து, கட்டிலருகே வைத்துவிட்டு அடுப்படிக்குச் சென்றார். அவர் போகும்வரை காத்திருந்து ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "சாமி, என் மகள் நல்ல பிள்ளை. ஆனால் நான் அப்படிச் சொன்ன பிறகு, இது கஞ்சியா, வீட்டுக்கான விண்ணப்பமா என்று சில வேளை எனக்கே தெரியவில்லை. அவளுக்கும் அது தெரியும்போலும், வைத்தவுடன் போய்விடுகிறாள்."

நான் மறுமொழி சொல்லவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி மகளைப் பெயர் சொல்லி அழைத்து, "இப்படி வந்து கொஞ்சம் உட்காரம்மா" என்றார். அவர் கை துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்.

இறுதிப் பகுதி கொரியாவிலேயே பலருக்குப் பிடிக்கவில்லையாம். பதினேழு ஆண்டுக் கதையையும் ஒரு வார மயக்கமாக்கிவிட்டார்கள் என்று பேத்தி என்னிடம் அரைமணி நேரம் குறைபட்டாள். ஆசிரியர் அதைப் பார்க்கவே இல்லை. "கிழவன் போன பிறகு கதை ஏது சாமி?" என்று சொல்லிவிட்டு உறங்கப் போய்விட்டாராம்.