நோன்பும் தேர்வும்: பிள்ளைகளின் நேரத்தைப் பறிக்காதீர்கள்!

 

2024ஆம் ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 1ல் தொடங்கி 22ல் முடிந்தது. தேர்வு பாதியில் இருக்கும்போதே ரமளான் பிறந்துவிட்டது. 2025ல் மார்ச் 3ஆம் தேதி நடந்த முதல் தேர்வுக்கே நம் பிள்ளைகள் நோன்பாளிகளாகச் சென்றார்கள். ரமளான் ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னால் வரும். ஆகவே அது பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகரும். செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் நடக்கிற காலம் அது. ஓரிரு வருடத்துச் சங்கடம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

"நோன்பு வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பான்?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, "உங்கள் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்?" என்பதுதான். தராவீஹ் முடிந்து வெளியே வருகிறவன் கடைத்தெருவிலேயே சஹர் வரை அரட்டை அடிக்கிறான். சுபுஹு தொழுததும் படுக்கிறான். ஒன்பது மணிக்கு எழுந்து அலறியடித்து ஓடுகிறான். சஹர் செய்தவனுக்குக் காலைப் பத்து மணிக்குள் என்ன பசி வந்துவிடும்? தேர்வுக் கூடத்தில் அவனைச் சாய்ப்பது தூக்கம்! பழியோ நோன்பின் மீது!

மாணவக் கண்மணிகளே! உங்கள் நாளை ஐவேளைத் தொழுகை ஏற்கனவே பகுத்துத் தந்திருக்கிறது. அதன் இடைவெளிகளில் பாடங்களைப் பொருத்துங்கள். தராவீஹ் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்து படுங்கள். சுபுஹுக்குப் பின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தைக் கணிதம், இயற்பியல், கணக்குப்பதிவியல் போன்ற கடினமான பாடங்களுக்கு ஒதுக்குங்கள். லுஹருக்குப் பின் அரை மணி நேரம் கண் அயருங்கள். அஸருக்குப் பின் உடல் தளரும். அப்போது புதுப் பாடத்தைத் தொடாதீர்கள். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள்.

குர்ஆனை மனனம் செய்யும் ஹிஃப்ளு மாணவனைப் பாருங்கள். புதுப் பாடத்தை ஒப்பிக்கும் அதே நாளில் நேற்றைய பாடத்தையும் ஒப்பிப்பான். என்றோ முடித்த பழைய பாடத்தில் ஒரு பகுதியையும் ஓதிக் காட்டுவான். பழையதை விட்டால் புதியதும் நிற்காது என்பது உஸ்தாதுகள் கண்ட அனுபவம். உங்கள் ஆறு பாடங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

தேர்வு நாளில் 10 மணிக்கு வினாத்தாள் தருவார்கள். 10 நிமிடம் வாசிக்க, 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. அந்த மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பயிற்சியை நோன்பு வைத்துக்கொண்டே வீட்டில் இரண்டு முறையாவது செய்து பாருங்கள். நுழைவுச் சீட்டு, பேனா எல்லாவற்றையும் இரவிலேயே எடுத்து வையுங்கள். தேர்வு முடிந்ததும் வெயிலில் நின்று விடைகளைப் பற்றி விவாதிக்காமல் வீடு திரும்புங்கள்.

பெற்றோரே! பையனிடம் "படி" என்கிறோம். அதே தேர்வை எழுதும் மகளை அஸரிலிருந்து அடுப்படியில் நிறுத்துகிறோம். வடையும் சமோசாவும் ஒரு மாதம் குறைந்தால் நோன்புக்குக் குறைவு வந்துவிடுமா? கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலபட்டினம் போன்ற நம் கடலோர ஊர்களில் வேறொரு நோயும் உண்டு. பத்தாம் வகுப்பு தேறினால் குடியேற்றச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கிறது. அது போதும், சபர் போய்விடலாம் என்று பையன் பிளஸ் டூவில் அசட்டையாக இருக்கிறான். படிக்காமல் போனவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று சபுராளிகளையே கேட்டுப் பாருங்கள்!

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டுக்காக பிப்ரவரி மாதம் முழுக்க இரவில் சுவரொட்டி ஒட்ட இளைஞர்களைத் திரட்டினேன். அவர்களில் ஒருவன் பிளஸ் டூ மாணவன். இயற்பியலில் தோற்றான். துணைத்தேர்வில் தேறினாலும் விரும்பிய கல்லூரியில் இடம் முடிந்துவிட்டது. அவனுடைய தகப்பனார் என்மீது கோபப்படவில்லை. "நீங்கள் கூப்பிட்டீர்கள் என்றுதான் அனுப்பினேன், ஹஜ்ரத்" என்றார். அந்தச் சொல் இன்றும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது.

2007ல் நமக்கு 3.5 சதவிகிதத் தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காகச் சமுதாயம் வீதியில் நின்றது. அந்த இடங்களில் அமரப் பிள்ளைகள் மதிப்பெண்ணோடு வர வேண்டாமா? பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடுகிறார்கள். அரை மதிப்பெண்ணில் கல்லூரி கைநழுவிப் போகிறது. உரிமை கேட்டுப் போராடிய நாமே அதைப் பெற வேண்டிய பிள்ளையின் இரவுகளைப் பறித்தால் அது என்ன நியாயம்?

ஆகவே கிளை நிர்வாகிகளே! ஜனவரி முதல் தேர்வு முடியும் வரை பிளஸ் டூ மாணவர் எவரையும் எந்தப் பணிக்கும் அழைக்காதீர்கள். ஜமாஅத் பெரியவர்களே! நோன்புக் கஞ்சி ஊற்றும் வேலையை நாம் செய்வோம். இடவசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக மதரஸாவில் ஓர் அறையைத் திறந்து விளக்கும் விசிறியும் போட்டுக் கொடுப்போம். சஹர் நேர ஒலிபெருக்கியை ஓர் அறிவிப்போடு நிறுத்திக்கொள்வோம்.

பிள்ளைகள் தங்கள் நேரத்தை ஒழுங்கு செய்வார்கள். நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

நம் பிள்ளைகளின் நோன்பையும் உழைப்பையும் வல்ல அல்லாஹ் ஏற்று, அவர்களுக்கு வெற்றியைத் தந்தருள்வானாக!