கேமில் எதிரி யார்? பிள்ளைகளின் வாதத்தில் நாமும் உட்காருவோம்

மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி. அஸர் தொழுகை முடிந்து டீக்கடைப் பக்கம் வந்தால், செல்போனும் கையுமாக நம் பிள்ளைகள் சிலர் சத்தமாக வாதாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 'பழைய பப்ஜிக்கு பிஜிஎம்ஐ ஈடாகுமா?', 'கால் ஆஃப் டூட்டியில் எந்தப் பாகம் டாப்?', 'கம்பெனிக்காரன் காசுக்காகக் கேமைக் கெடுத்துவிட்டானா?' என்று சூடு பறக்கும். 'எப்பப் பார்த்தாலும் போன்தான்' என்று திட்டிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

திட்டுவதாலும் தடுப்பதாலும் மட்டும் இது போய்விடாது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. 2021 ஜூலையில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதையே பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் எதைப் பற்றி வாதாடுகிறார்கள் என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தப் பெரிய நிறுவனங்கள் விளையாடுபவர்களின் குரலைக் கேட்கவே செய்கின்றன. 2008-ல் சோனியின் 'லிட்டில் பிக் பிளானட்' வெளிவரவிருந்த நேரம். அதில் இடம்பெற்ற ஒரு பாடலில் குர்ஆனின் சொற்கள் வருவதை ஒரு முஸ்லிம் ரசிகர் கவனித்து, பணிவாக எழுதினார். சோனி உலகம் முழுவதும் வெளியீட்டைத் தள்ளிவைத்து, பாடலை மாற்றியது. அந்தப் பாடலை வழங்கிய மாலி நாட்டுக் கலைஞர் தூமானி ஜாபாத்தேயும் முஸ்லிம்தான். எங்கள் நாட்டில் இது வழக்கமானதுதானே என்று அவர் வருந்தினார். நமக்குள்ளேயே இரு கருத்துகள் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

2012-ல் கால் ஆஃப் டூட்டியின் 'ஃபவேலா' களத்தில், குளியலறைச் சுவரில் மாட்டிய சட்டத்தில் அல்லாஹ்வின் பெயர் கொண்ட வாசகம் இருப்பதை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆக்டிவிஷன் மன்னிப்புக் கேட்டு அந்தக் களத்தைத் தற்காலிகமாக நீக்கியது. 2020 ஜூனில் பப்ஜி மொபைலில் சிலை முன் குனியும் காட்சி வந்தபோது அரபு நாடுகளில் எதிர்ப்பு எழுந்தது; அதுவும் அகற்றப்பட்டது. 2021 நவம்பரில் 'வேன்கார்ட்' பாகத்தில் குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடந்தன. மீண்டும் மன்னிப்பு, மீண்டும் நீக்கம்.

இத்தனைக்கும் காரணம் கண்ணைத் திறந்துவைத்து விளையாடியவர்கள்தாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரில் உள்ள படத்தை நீக்க ஒரு நாள் போதும், செலவும் குறைவு. கதையையே கேள்வி கேட்டால் நிலைமை வேறு.

2019-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' பாகத்தில் 'மரண நெடுஞ்சாலை' என்றொரு கட்டம் உண்டு. கற்பனை நாடு ஒன்றில், தப்பி ஓடிய மக்கள் மீது ரஷ்யப் படை குண்டு போட்டதாகக் கதை சொல்கிறது. உலகம் அந்தப் பெயரால் அறிந்த சாலையோ குவைத்திலிருந்து பஸ்ராவுக்குச் செல்வது. 1991 பிப்ரவரியில் அங்கே பின்வாங்கிக்கொண்டிருந்த ஈராக்கிய வாகன வரிசை மீது குண்டு பொழிந்தது அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை. ரசிகர்கள் பலர் கண்டித்தார்கள். அந்தப் பெயர் பல இடங்களுக்கும் பயன்பட்டதுதான் என்று தயாரிப்பாளர் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. மன்னிப்பு வரவில்லை.

'சிக்ஸ் டேஸ் இன் ஃபலூஜா' கதையும் இப்படித்தான். 2004-ல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த போரை அமெரிக்க வீரரின் கண்ணால் காட்டும் கேம் அது. 2009-ல் எதிர்ப்பு கிளம்பியதும் ஜப்பானின் கொனாமி நிறுவனம் கைகழுவியது. 2021-ல் வேறொரு நிறுவனம் அதைத் தூசு தட்டி எடுத்தது. அமெரிக்க முஸ்லிம் அமைப்பான கேர், இதை விற்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட், சோனி, வால்வ் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் 2023 ஜூனில் அது விற்பனைக்கு வந்துவிட்டது.

நாம் அஞ்சவேண்டியது இதைத்தான். குவைத்தில் அத்தா வேலை பார்க்கும் ஒரு பிள்ளை, நான்குவழிச் சாலையோரம் உட்கார்ந்து, குவைத் சாலையில் நடந்த அழிவை வேறொருவர் தலையில் கட்டிய கதையை வரலாறாகக் கற்றுக்கொள்கிறான். நம் பெயர் கொண்டவர்களைச் சுட்டுத் தள்ளினால் புள்ளி கிடைக்கும் என்று அவன் விரல் பழகுகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரி தவறாக வந்தால் நாம் பொங்குகிறோம். தினமும் மணிக்கணக்கில் ஓடும் இந்தப் பாடத்தை யார் திருத்துவது?

மாற்றுக் கதை சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். பாலஸ்தீனத்தின் ரஷீத் அபூஈதா 2016-ல் 'லைலா அண்ட் தி ஷேடோஸ் ஆஃப் வார்' என்ற சிறிய கேமை உருவாக்கினார். காஸா மீது குண்டு விழும் இரவில் குடும்பத்தைக் காப்பாற்ற ஓடும் ஒரு தகப்பனின் கதை. ஆப்பிள் நிறுவனம் இதை கேம் வகையில் சேர்க்க முதலில் மறுத்தது. உலகெங்கும் கண்டனம் எழுந்த பிறகே ஏற்றுக்கொண்டது. அங்கேயும் வேலை செய்தது விளையாடுபவர்களின் வாதம்தான்.

எனவே பெற்றோர்களே, நேரக் கட்டுப்பாடு வையுங்கள். தொழுகையும் படிப்பும் தூக்கமும் கெடவிடாதீர்கள். அதோடு வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைத் தயாரித்தவர் யார்? இதில் எதிரியாக வருவது யார்? இந்தக் கதை நிஜத்தில் எங்கே நடந்தது? எந்தப் பாகம் சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தெரியாமல் போகாது. தவறு கண்டால், 2008-ல் அந்த ரசிகர் எழுதியது போலப் பணிவாகவும் ஆதாரத்தோடும் எழுதக் கற்றுக்கொடுங்கள்.

இன்று டீக்கடையில் வாதாடும் பிள்ளைகளில் ஒருவன் நாளை சொந்தமாக ஒரு கேம் செய்யக்கூடும். அதில் யாரை எதிரியாக வைப்பது என்று அவன் முடிவெடுக்கும்போது, நாம் கேட்ட கேள்வி அவன் நினைவில் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.